தேதி யார் கையில், கட்சி அவர் கையில்!

எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடும் விவசாயிகளிடம் போய், பதிவு வரிசையை மீறி வேறு யாருக்கோ முதலில் கட்டிங் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிப் பாருங்கள். சும்மா இருப்பார்களா? ஆலை வாசலில் கூட்டம் கூடிவிடும். வரிசை என்றால் வரிசைதான். ஆனால் அதே ஊர்க்காரர், தான் கொடி பிடிக்கும் கட்சியில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேதியை யார், எப்படிக் குறித்தார்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

அதிமுக பொதுச்செயலாளர் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச் 17 அன்று அறிவிப்பு. மார்ச் 18, 19 வேட்புமனு. 26 அன்று வாக்குப்பதிவு. அறிவிப்புக்கும் மனுவுக்கும் நடுவில் ஒரே ஒரு ராத்திரி! இதற்கு முன்பே, 2022 ஜூலை 11 பொதுக்குழுவில் இன்னொரு விதியும் வந்திருந்தது. போட்டியிடுபவரை 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், வேறு 10 பேர் வழிமொழிய வேண்டும். எறையூரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ராயப்பேட்டைக்கு வரும் ஒரு தொண்டர், இரண்டு நாளில் 20 மாவட்டச் செயலாளர்களை எங்கே போய்ப் பிடிப்பார்? எடப்பாடி பழனிசாமி மட்டுமே மனு போட்டார். நீதிமன்ற உத்தரவு வந்தபின் மார்ச் 28 அன்று அவர் பொதுச்செயலாளர் ஆனார்.

பெரும்பான்மை அவருக்குத்தானே இருந்தது, இதில் என்ன குறை என்பார்கள். பெரும்பான்மை இருந்தது உண்மைதான். நீதிமன்றங்களும் பொதுக்குழுவின் முடிவை ஏற்றன. சரி... அப்படி உறுதியான வெற்றி என்றால், இரண்டு வாரம் அவகாசம் கொடுப்பதில் என்ன பயம்?

அவசரம் என்று அன்று நீதிமன்றம் போன ஓ.பன்னீர்செல்வம் தரப்பு மட்டும் யோக்கியமா? 2021 டிசம்பர் 1 அன்று செயற்குழு விதியைத் திருத்தியது. டிசம்பர் 3, 4 மனுத்தாக்கல். 6 ஆம் தேதி பன்னீர்செல்வமும் பழனிசாமியும் போட்டியின்றித் தேர்வு. அந்த அவசரம் அப்போது இனித்தது. 2023 இல் கசந்தது.

இது தமிழ்நாட்டு வியாதி மட்டுமல்ல. அமெரிக்க ஜனநாயகக் கட்சியில், 2008 பிப்ரவரி 5 க்கு முன்னால் சில மாநிலங்கள் தவிர யாரும் முதனிலைத் தேர்தல் நடத்தக்கூடாது என்று விதி. மிச்சிகனும் புளோரிடாவும் மீறி ஜனவரியிலேயே நடத்தின. பிரதிநிதிகள் அத்தனை பேருக்கும் வாக்குரிமை பறிப்பு என்றது கட்சி. ஹிலாரி கிளின்டனின் ஆலோசகர் ஹெரால்ட் இக்கஸும் அந்தத் தண்டனைக்கு வாக்களித்தவர்தான். அங்கே ஹிலாரி முந்தியதும், எல்லாரையும் எண்ண வேண்டும் என்று பேச்சு மாறியது. மே 31 அன்று ஆளுக்கு அரை வாக்கு; ஆகஸ்ட் மாநாட்டில் முழு வாக்கு! விதியை மதித்துக் காத்திருந்த மாநிலங்கள்தான் ஏமாளிகள்.

ஒழுங்காக நடத்தவே முடியாதா? முடியும். 2022 காங்கிரஸ் தலைவர் தேர்தலில் செப்டம்பர் 22 அறிவிப்பு, 24 முதல் 30 வரை மனு, அக்டோபர் 17 வாக்குப்பதிவு. வாக்காளர் பட்டியல் பற்றி அங்கேயும் புகார் எழுந்தது. ஆனாலும் சசி தரூர் ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்க நாள் இருந்தது. கார்கே 7,897, தரூர் 1,072. தோற்றவரும் போட்டியிட்டுத்தான் தோற்றார்.

இதையெல்லாம் தட்டிக் கேட்கத் தேர்தல் ஆணையத்துக்குப் பல் இல்லை. பதிவு செய்த கட்சியின் பதிவை, ஒருசில விதிவிலக்குகள் தவிர, ஆணையம் ரத்து செய்ய முடியாது என்று 2002 லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே சட்டம் மாற வேண்டும். அறிவிப்புக்கும் மனுவுக்கும், மனுவுக்கும் வாக்குப்பதிவுக்கும் குறைந்தது இத்தனை நாள் என்று கட்சியின் சட்டதிட்டத்தில் எழுதி ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். தேர்தல் அறிவித்தபின் விதியைத் தொடக்கூடாது. மீறினால் அந்தத் தேர்வு செல்லாது.

கரும்புக்கு இருக்கும் வரிசை நியாயம், அந்தக் கரும்பை வெட்டுகிறவரின் ஓட்டுக்கும் இருக்க வேண்டாமா?