சயனைடு போனால் போதுமா?

“சயனைடெல்லாம் எப்பவோ காத்துல போயிடுச்சு சார், இப்ப அது வெறும் மணல்.” கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டை டீக்கடைகளில், தங்கச் சுரங்கக் கழிவு மேடுகளைப் பற்றி இதைக் கேட்காத நாளில்லை. பாதி சரிதான். வெயிலிலும் காற்றிலும் சயனைடு சிதைந்துபோகும். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடிய பிறகு ஆலையிலிருந்து எதுவும் வந்து கொட்டவுமில்லை. ஆனால் ‘வெறும் மணல்’ என்ற அந்தச் சொல் நம் பிள்ளைகள் தலையில் கல்லைப் போடுகிறது.

தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு கலந்த கழிவு என்பதால் சயனைடு மேடு என்று பெயர் வைத்தோம், சயனைடை மட்டுமே தேடினோம். இந்த மணல் முன்பு கல்லாக, மூன்று கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் காற்றே படாமல் கிடந்தது. அதிலிருந்த கந்தக இரும்பு அசையாமல் இருந்தது அதனால்தான். நாம் அதை மேலே ஏற்றி, மாவாக அரைத்து, சுமார் 3.3 கோடி டன் திறந்த வெளியில் குவித்தோம். இப்போது மழையும் காற்றும் உள்ளே புகுந்து கந்தகத்தைக் கந்தக அமிலமாக்குகின்றன. புளிப்பு ஏறினால் அதிலேயே வாழும் நுண்ணுயிர்கள் வேலையை இன்னும் விரைவாக்கும். அமிலம் உலோகங்களைக் கரைத்து இழுத்துவரும். கந்தகம் தீரும்வரை இது ஓயாது.

இது இங்கே மட்டும் நடப்பதல்ல; கேரளத்துக் குட்டநாட்டின் கரி நிலத்து உழவர்களைக் கேளுங்கள். மட்கிய மரமும் கந்தக இரும்பும் கலந்த கருமண் அது. நீர் நிற்கும்வரை சாது. வடித்துக் காயவிட்டால் வெடிப்பு வழியே காற்று இறங்கி, மண் புளித்து, நாற்று கருகும். உலகெங்கும் வடிக்கப்பட்ட, கந்தக இரும்புள்ள சதுப்புகளில் இந்த வேலையைத்தான் காற்று செய்கிறது.

மழை விட்ட மறுநாள் மேட்டடி ஓடைக்குப் போய்ப் பாருங்கள். கரையில் துருமஞ்சள் படிந்திருக்கும். வெயில் ஏறினால் வெள்ளை உப்பு பூக்கும். ஆனிக் காற்று வீசும்போது மேட்டின் தூள் கொடித் துணியிலும் சோற்றுப் பானையிலும் விழுகிறது. அதிலுள்ள நுண்ணிய சிலிக்காதான் சுரங்கத்துக்குள் நம் தாத்தாக்களின் நுரையீரலைத் தின்றது. அதற்குச் சயனைடு தேவைப்படவில்லை.

2024-ல் இங்குள்ள 13 மேடுகளை மறுபடி தோண்டித் தங்கம் எடுக்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை கிடைக்கும் என்று நானும் மகிழ்ந்தேன். ஆனால் தோண்டினால், இதுவரை காற்றுபடாத உள்மணலும் வெளியே வரும். முதல் வண்டி நகரும் முன் எங்களுக்குப் பதில் வேண்டும்: மிச்ச மணல் எங்கே போகும்? களிமண் போட்டு மூடுவது யார்? ஓடையின் தண்ணீரை மாதாமாதம் சோதித்து, முடிவை எங்கள் தெருவில் ஒட்டுவது யார்?