ஐந்து நிமிடத்தில் வருகிறேன்

“இங்கேயே இரு, ஐந்து நிமிடத்தில் வருகிறேன்.” பழங்காநத்தம் போன்ற இடங்களில் இச்சொற்கள் ஒரு நாளில் எத்தனை முறை சொல்லப்படுகின்றன என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. மதுரை நகரின் தென்மேற்கே, காளவாசலிலிருந்து வரும் புறவழிச்சாலையும் திருப்பரங்குன்றத்துக்குச் செல்லும் சாலையும் கூடும் இடம் அது. வண்டியை நிறுத்த இடம் கிடைப்பதே அரிது. கிடைத்த இடத்தில் மகிழுந்தை ஓரங்கட்டிவிட்டுத் தந்தையோ தாயோ மருந்துக்கடைக்கோ பலசரக்குக் கடைக்கோ விரைகின்றனர். பின்னிருக்கையில் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கிறது. அல்லது இறங்க மறுத்து அடம்பிடிக்கிறது. அதனை எழுப்பி, தோளில் சாய்த்து, வாகனங்களுக்கு இடையே சாலையைக் கடப்பதைவிட வண்டிக்குள்ளேயே விட்டுச் செல்வது பாதுகாப்பானது என்று அப்பெற்றோர் கருதுகின்றனர். அக்கருத்து அன்பிலிருந்து பிறப்பதே. எனினும் அதனைச் சற்று நின்று ஆராய வேண்டியுள்ளது.

எந்த வயதில் ஒரு குழந்தையை மகிழுந்தில் தனியே காத்திருக்கச் செய்யலாம்? இவ்வினாவுக்கு எல்லோரும் ஓர் எண்ணை விடையாக எதிர்பார்க்கின்றனர். எண் தேவைதான். ஆனால் எண்ணுக்கு முன்னர்க் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன என்பது என் கருத்து. வெளியே வெயில் எவ்வாறு உள்ளது? ஏதேனும் நேர்ந்தால் இக்குழந்தையால் என்ன செய்ய இயலும்?

வெயிலைப் பற்றி முதலில் பார்ப்போம். நிறுத்தப்பட்ட மகிழுந்து ஒரு கண்ணாடிக் கூண்டு. கதிரவனின் ஒளி கண்ணாடி வழியே எளிதில் உள்ளே புகுகிறது. இருக்கைகளும் முன்பலகையும் அதனை உள்வாங்கிச் சூடேறுகின்றன. அச்சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, வெளியில் 22 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் நிலவிய நாள்களில் இதனை அளந்து பார்த்தது. ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் சராசரியாக 22 டிகிரி உயர்ந்தது. அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏற்பட்டுவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் பெரிய மாற்றம் ஏதுமில்லை. “காற்று வருவதற்குக் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான் வந்தேன்” என்று நாம் கூறிக்கொள்ளும் ஆறுதலுக்கு இடமில்லாமல் போகிறது.

அடுத்த ஆறுதல் மரநிழல். வேம்பின் அடியில் நிறுத்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் இதனையும் ஆராய்ந்தனர். மதுரையின் கோடையை ஒத்த வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற மகிழுந்தின் உட்காற்று ஏறத்தாழ 47 டிகிரியையும், முன்பலகை 69 டிகிரியையும் எட்டின. நிழலில் நின்ற வண்டியிலும் உட்காற்று 38 டிகிரியை நெருங்கியது. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று உள்ளே இருந்தால், வெயிலில் ஒரு மணி நேரத்திலும் நிழலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திலும் அதன் உடல்வெப்பம் ஆபத்தான எல்லையைத் தொட்டுவிடக்கூடும் என அவர்கள் கணக்கிட்டனர். நிழல் சிறிது காலம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். சிறு குழந்தையின் உடலோ பெரியவர் உடலைக் காட்டிலும் மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறக்கூடியது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியை எட்டினால் வெப்பத்தாக்கு நிலை தொடங்குகிறது.

ஐந்து நிமிடத்தில் இவ்வளவும் நிகழ்ந்துவிடுமா? நிகழ்ந்துவிடாது. ஆனால் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாகவே நின்றுவிடுவதில்லை. மருந்துக்கடையில் முன்னே நால்வர் நிற்கின்றனர், சில்லறை இல்லை, செல்பேசி வழியே செலுத்திய பணம் சென்று சேரவில்லை, நெடுநாள் காணாத உறவினர் ஒருவர் எதிர்ப்படுகிறார். நம் ஊரில் ஒரு நலம் விசாரிப்பு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை நாம் அறிவோம். நேரத்தைக் கணிப்பவர் வெளியே நிற்கிறார். அதனைக் கழிப்பவர் உள்ளே இருக்கிறார்.

தமிழ்நாட்டில் இக்கேள்வியை எழுப்பிய துயரம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே நிகழ்ந்தது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் லெப்பைக்குடியிருப்பில், வீட்டருகே நின்றிருந்த மகிழுந்துக்குள் விளையாடப் புகுந்த மூன்று குழந்தைகள் கதவைத் திறக்க இயலாமல் உயிரிழந்தனர். மூத்த குழந்தைக்கு வயது ஏழு. 2025 மே மாதம் ஆந்திர மாநிலம் விஜயநகரம் அருகே துவாரபூடி என்னும் சிற்றூரில் நான்கு குழந்தைகள் இவ்வாறே இறந்தனர். இக்குழந்தைகளை எவரும் வண்டியில் விட்டுச் செல்லவில்லை. அவர்களாகவே உள்ளே சென்றார்கள். ஆகவே பெற்றோரின் முடிவைப் பற்றிய நம் வினாவுக்கு இந்நிகழ்வுகள் நேரான விடை ஆகமாட்டா. ஆயினும் ஒன்றை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகின்றன. “துணைக்கு அக்கா இருக்கிறாளே” என்று நாம் சொல்லும் துணை போதுமானதன்று. மூவர் சேர்ந்தும், நால்வர் சேர்ந்தும் ஒரு கதவைத் திறக்க இயலவில்லை.

சட்டங்கள் இதனை எவ்வாறு அணுகுகின்றன? அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2001இல் இயற்றிய சட்டப்படி, ஆறு வயதுக்கு மேற்படாத குழந்தையை, ஆபத்து விளையக்கூடிய சூழலிலோ பொறி இயங்கும் நிலையிலோ, பன்னிரண்டு வயதேனும் நிரம்பிய ஒருவர் துணையின்றி வண்டியில் விடுதல் கூடாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சட்டம் பன்னிரண்டு வயதை எல்லையாகக் கொண்டு, தக்க ஏற்பாடின்றித் தகாத நேரம் குழந்தையைத் தனியே விடுவதைக் குற்றம் என்கிறது. இங்கிலாந்திலோ வயது குறிக்கப்படவில்லை. குழந்தைக்கு ஆபத்து விளையுமாறு விட்டிருந்தால் குற்றம். இந்தியாவில் மகிழுந்தில் காத்திருப்பதற்கென ஒரு வயதை எச்சட்டமும் வரையறுக்கவில்லை. தன் பொறுப்பில் உள்ள குழந்தையை வேண்டுமென்றே புறக்கணித்துத் துன்பத்துக்கு உள்ளாக்குவோர்க்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆனால் மருந்து வாங்கச் சென்ற தாயை அப்பிரிவின்கீழ் நிறுத்த எவரும் விரும்பார், விரும்பவும் கூடாது.

எனினும் நம் சட்ட மரபில் ஒரு குறிப்பு இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 20ஆம் பிரிவு, ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் எச்செயலும் குற்றமாகாது என்கிறது. 21ஆம் பிரிவு, ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட குழந்தைக்குத் தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி உண்டா என்பதைப் பார்க்கச் சொல்லுகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இவ்விதிகள் இருந்தன. குற்றத்துக்குப் பொறுப்பேற்க முதிர்ச்சி பற்றாது என்று சட்டம் கருதும் குழந்தையிடம், அதன் உயிரைக் காத்துக்கொள்ளும் பொறுப்பை மட்டும் நாம் ஒப்படைப்பது எவ்வாறு பொருந்தும்?

வயதை எண்ணால் மட்டுமன்றிச் செயலாலும் அளப்பது தமிழர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் இலக்கியத்தை எண்ணிப் பாருங்கள். இம்மதுரையின் அங்கயற்கண்ணியைக் குழந்தையாகக் கண்டு 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழிலும் பருவங்கள் பத்து. பருவங்களுக்கு மாதக் கணக்கு உண்டு. ஆயினும் அவற்றுட் பல பெயர் பெற்றது குழந்தையின் செயலால். தலைநிமிர்த்தி அசைந்தாடினால் செங்கீரை, கைகொட்டினால் சப்பாணி, தளர்நடையிட்டு வந்தால் வருகை. குழந்தை எதைச் செய்ய வல்லதாயிற்று என்று கூர்ந்து பார்த்த கண்ணே அப்பெயர்களைச் சூட்டியது. மகிழுந்தில் காத்திருத்தலுக்கும் அக்கண் வேண்டும்.

அவ்வாறு பார்த்தால் கேட்க வேண்டியவை எளியனவே. உள்ளிருந்து பூட்டைத் திறக்கக் குழந்தைக்குத் தெரியுமா? பின்கதவில் குழந்தைப் பூட்டு இடப்பட்டிருந்தால் அது உள்ளிருந்து திறவாது. அப்போது முன்னிருக்கைக்கு ஏறிவந்து முன்கதவைத் திறக்க வேண்டும் என்பது அதற்குத் தோன்றுமா? ஒலிப்பானை விடாமல் அழுத்தத் தெரியுமா? “இறங்காதே” என்று தந்தை சொல்லியிருந்தாலும், மூச்சு முட்டினால் அச்சொல்லை மீறி இறங்கும் துணிவு உண்டா? இறுதிக் கேள்வியே கடினமானது. நன்கு கீழ்ப்படியும் குழந்தையைத்தான் நாம் நம்பி விட்டுச் செல்கிறோம். அந்தக் கீழ்ப்படிதலே அதற்குப் பகையாகக்கூடும். இவற்றைச் சொல்லிக் கொடுத்தால் போதாது. ஒரு மாலையில், பெற்றோர் வெளியே நின்றுகொண்டு, குழந்தையைச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

என் கணக்கைக் கேட்டால் இவ்வாறு சொல்லுவேன். ஏழு வயது நிரம்பாத குழந்தையை ஒருபோதும் விடலாகாது; ஒரு நிமிடமும் ஆகாது. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், மேற்சொன்னவற்றைச் செய்துகாட்டிய குழந்தையை, வெயில் தாழ்ந்த வேளையில், வண்டி பெற்றோரின் கண்ணில் படும் தொலைவில் விடலாம். மார்ச் முதல் ஜூன் வரை மதுரையில் பகல்வேளையில் அதுவும் வேண்டாம். ஏழு என்னும் கீழெல்லையை நம் சட்டமும் வகுத்துக் கூற வேண்டும். தண்டிப்பதற்காக அன்று, “சட்டமே சொல்லுகிறது” என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஓர் இளந்தாய் எடுத்துரைக்க இயல்வதற்காக.

இவ்வளவு கட்டுப்பாடு மிகையில்லையா என்பார் உளர். அக்காலத்தில் சிறுவர் மாட்டுவண்டியில் தனியே காத்திருக்கவில்லையா என்பர். காத்திருந்தனர். வண்டியில் காற்று புகுந்து சென்றது; பூட்டு இல்லை; போவோர் வருவோர் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுச் சென்றனர். மற்றோர் எதிர்வாதம் வலியது. அமெரிக்க எழுத்தாளர் கிம் புரூக்ஸ் 2011இல், வெயிலற்ற ஒரு குளிர்ந்த நாளில், நான்கு வயது மகனைச் சில நிமிடங்கள் மகிழுந்தில் விட்டுக் கடைக்குச் சென்றார். கண்ட ஒருவர் படம்பிடித்துக் காவல்துறைக்குத் தெரிவிக்க, அவர்மீது வழக்குப் பாய்ந்தது. அச்சமே சட்டமாகிப் பெற்றோரை, சிறப்பாகத் தாய்மாரை, வேட்டையாடுகிறது என்று அவர் 2018இல் நூல் எழுதினார். அவர் கூற்றில் உண்மை உண்டு. இர்வைன் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்று அதற்கு வலுச் சேர்க்கிறது. குழந்தையைத் தனியே விட்டுச் சென்ற தாயின் காரணம் எவ்வளவு பழிக்கத்தக்கதாகத் தோன்றியதோ, அவ்வளவு மிகுதியாகக் குழந்தைக்கு ஆபத்து உண்டு என்று மக்கள் மதிப்பிட்டனர். சூழல் அதுவே; மாறியது காரணம் மட்டுமே.

நாமும் அவ்வாறே செய்கிறோம். பட்டுச்சேலை வாங்கச் சென்றவளை ஏசுகிறோம். மாமியாருக்கு மருந்து வாங்கச் சென்றவளை மன்னிக்கிறோம். வெயில் அவ்வேறுபாட்டை அறியாது. நல்ல காரணத்துக்காகச் சென்றவரின் வண்டியும் அதே விரைவில்தான் சூடேறும். ஆகவே பெற்றோரைப் பழிப்பதை விடுத்து வெப்பத்தையும் கதவையும் பற்றிப் பேசுவோம். இரண்டு குழந்தைகளோடு தனியே வண்டி ஓட்டிவரும் தாய்க்குத் தேவை அறிவுரை அன்று. கடைக்காரர் மருந்தை வண்டிக்கே கொண்டுவந்து தரும் வழக்கம். ஒரு தொலைபேசி அழைப்பில் ஆகக்கூடியது அது.

இறுதியாக, இதனைப் படிக்கும் உங்களைப் பற்றி ஒரு சொல். பதினொன்றாம் வகுப்பு மாணவரான நீங்கள் காக்கப்படும் பருவத்தைக் கடந்துவருகிறீர்கள். “தம்பியைப் பார்த்துக்கொள், ஏ.சி. ஓடட்டும்” என்று கூறி இறங்கிச் செல்லப்படுபவர் பெரும்பாலும் நீங்களே. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 126ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்றவர் இருக்க வேண்டும். இல்லையேல் பொறி நிறுத்தப்பட்டு, வண்டி தானே நகராதவாறு தடுப்பு இடப்பட்டிருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத உங்களுக்கு மகிழுந்து ஓட்டும் உரிமம் கிடையாது. எனவே பொறியை நிறுத்தச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு, தம்பியுடன் இறங்கி நிழலில் நிற்பதே முறை.

தெருவில் செல்லும்போது, பூட்டிய வண்டிக்குள் துவண்டு கிடக்கும் குழந்தையைக் காண நேரிட்டால் உடனே அக்கம்பக்கத்தாரை அழைத்து, 108 எண்ணுக்கும் 112 எண்ணுக்கும் தெரிவியுங்கள். குழந்தை அழைப்புக்கு அசையாமல் இருந்தால் காத்திருக்க நேரமில்லை. குழந்தையிடமிருந்து தொலைவிலுள்ள பக்கக் கண்ணாடியை, நடுவில் அன்றி மூலையில், கல்லாலோ இரும்பாலோ ஓங்கி அடித்தால் உடையும். வண்டியின் உரிமையாளர் வந்து சினந்தால் அதனைப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம்.