கடலை அளக்கும் கை சுத்தமாக இருக்க வேண்டும்!

ஜப்பானில் மினமாட்டா என்று ஓர் ஊர். கடற்கரை ஊர். மீன்தான் அங்கே அன்றாட உணவு.

1950-களில் அந்த ஊர்ப் பூனைகள் பித்துப் பிடித்தவை போலச் சுழன்று விழுந்து செத்தன. மனிதருக்கும் கை, கால் நடுங்கியது; பேச்சு குழறியது; பார்வை குறைந்தது. 1956-ம் ஆண்டில் அந்த நோய் வெளியே தெரிந்தது.

காரணம், ஒரு ரசாயனத் தொழிற்சாலை கடலில் விட்ட கழிவு. அதில் பாதரச நஞ்சு இருந்தது. அது மீனில் சேர்ந்தது. அந்த மீனை மக்கள் உண்டார்கள்.

இதை ஜப்பான் அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968-ம் ஆண்டில். 12 ஆண்டுகள் தாமதம்!

மறுக்க முடியாத கணக்கு, காலத்தில் கையில் இருக்க வேண்டும். மினமாட்டா சொல்லும் பாடம் அது.

துளியிலும் துளி

ஆழ்கடல் நீரில் பாதரசம் மிக மிகக் குறைவு. சுமார் 500 கோடி லிட்டரில் 1 கிராம்!

குறைவுதானே என்று விட்டுவிட முடியாது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, நஞ்சு பெருகிக்கொண்டே போகிறது.

அதை எப்படி அளக்கிறார்கள்? தங்க நகையில் பாதரசம் பட்டால் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அந்தக் குணமே உதவுகிறது. நீரில் உள்ள பாதரசத்தை ஆவியாக்கி, தங்கத்தில் பிடிக்கிறார்கள். தங்கத்தைச் சூடாக்கினால் பாதரசம் மீண்டும் ஆவியாகும். அதை ஒளியால் கருவி அளக்கும்.

மூச்சும் கெடுக்கும்

கருவி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. நீர் எடுக்க இருவர் வேண்டும். ஒருவர் வெளிப் பையை மட்டும் தொடுவார். மற்றவர் பாட்டிலை மட்டும் தொடுவார். பல்லில் பாதரசக் கலவை அடைத்தவர் பாட்டில் மேல் மூச்சு விட்டாலே கணக்கு கெட்டுவிடும்!

நீரில் அமிலம் முதலியவை சேர்த்துப் பாதுகாக்காவிட்டால், பாதரசம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அப்போது கணக்கு குறையும்.

ஆகவே தூய நீர் நிரப்பிய பாட்டில் ஒன்றும் கூடவே போய்த் திரும்ப வேண்டும். அதில் பாதரசம் தெரிந்தால், தவறு கடலில் இல்லை, அளந்தவரிடம் இருக்கிறது!

இருவருக்கும் நீதி

கணக்கு தவறிக் கூடினால், குற்றமற்ற மீனவரின் மீன் விலை போகாது. கணக்கு தவறிக் குறைந்தால், நஞ்சு கலந்தவர் தப்பிவிடுவார். இரண்டும் அநியாயம்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ம் ஆண்டில் உலக நாடுகள் செய்த ஒப்பந்தத்துக்கு மினமாட்டா என்றே பெயர். 2018-ல் இந்தியாவும் அதை ஏற்றது.

கடல் நீரைச் சோதிப்பவர்கள், தூய நீர்ப் பாட்டில் காட்டிய எண்ணையும் சேர்த்து வெளியிட வேண்டும். மீன் உண்ணும் குடும்பங்கள் நம்புவது அந்தக் கணக்கைத்தான்.