நாரி நோவும் பிள்ளைத்தாய்ச்சியும்

"மிஸ்ஸி, நாரி பிளக்கிற மாதிரிக் கிடக்கு. எண்ணெய் போட்டு ஒருக்கா இழுத்துவிடச் சொல்லலாமோ?" வன்னிக் கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாதாகிய என்னிடம் ஐந்து, ஆறு மாதக் கர்ப்பிணிகள் அதிகம் கேட்பது இதைத்தான்.

கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஓமோன்கள் இடுப்பு மூட்டுகளைப் பிணைத்திருக்கும் நார்களை இளகச் செய்கின்றன. பிள்ளை வெளியே வர வழி வேண்டுமல்லவா? வயிறு முன்னே வரவர நாரி உள்ளே வளையும். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த நோ வருகிறது. ஆனால் "எல்லாருக்கும் வாறதுதானே" என்று சொல்லிக்கொண்டு 20 லீற்றர் தண்ணீர்க் கானை இடுப்பில் ஏற்றலாம் என்று பொருளில்லை. அந்தக் கானைத் தூக்க வீட்டில் வேறு கைகள் இருக்கின்றன, கணவனின் கைகள் உட்பட. தனியாக வாழும் சகோதரிகள் சிறிய வாளியில் பாதி பாதியாக எடுங்கள்.

கனடாவில் இருக்கும் உறவினர் தொலைபேசியில் கைரோபிராக்டிக் வைத்தியம் பற்றிச் சொல்வதுண்டு. முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் அமர்த்தியும் தள்ளியும் செய்யும் இந்த முறையை 1895இல் அமெரிக்காவில் டானியல் டேவிட் பாமர் என்பவர் தொடங்கினார். கனடாவில் அதைச் செய்வோர் பல வருடம் படித்து, அனுமதிப் பத்திரம் பெற்றவர்கள். சிலருக்கு நோ குறைகிறது. ஆனாலும் கர்ப்பிணிகளுக்கு அது எவ்வளவு உதவும் என்பதற்கு ஆதாரம் குறைவு. பிள்ளை தலை மேலாக இருந்தால் அதனால் திரும்பிவிடும் என்பதும் நிரூபிக்கப்படவில்லை. பிள்ளையைத் திருப்புவது ஆஸ்பத்திரியில், 36, 37 வாரமளவில், மகப்பேற்று வைத்திய நிபுணர் ஸ்கான் பார்த்துச் செய்யும் வேலை.

ஊரில் முறிவு, நெரிவு பார்ப்பவரிடம் போய் "அதையே" செய்விக்க வேண்டாம். அம்மாவோ அக்காவோ முதுகை மெதுவாகத் தடவிவிடட்டும், அதில் பிழையில்லை. வயிற்றை அமத்துவது, கழுத்தைச் சட்டென்று திருப்புவது, காலைப் பிடித்து இழுப்பது கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி நொந்தால் அதை உருவவே கூடாது. உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். கட்டி அசைந்து நெஞ்சுக்குப் போனால் உயிராபத்து. பிள்ளை பிறந்து முதல் 6 வாரத்தில் இந்தப் பயம் இன்னும் அதிகம்.

எங்கள் பெண்களுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2009இல் காயப்பட்ட பலர் இன்று தாய்மார். உடலில் இன்னமும் செல் துண்டு கிடப்பவர்கள் அதைக் கிளினிக்கில் சொல்வதில்லை. எங்கே, எப்படிப் பட்டது என்று விசாரிப்பார்களோ என்ற தயக்கம் எனக்கு விளங்கும். அந்தக் கதை எங்களுக்குத் தேவையில்லை. துண்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பது போதும். முள்ளந்தண்டுக்குக் கிட்ட இருந்தால் யாரும் அந்த இடத்தை அமத்தக் கூடாது. சிசேரியன் செய்ய முதுகில் ஊசி போடும் வைத்தியருக்கும் அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் காந்தத்தால் வேலை செய்வது. அதற்கு முன்னரும் கட்டாயம் சொல்லுங்கள்.

செயற்கைக்கால் போட்டிருப்பவர்களுக்கு நிறை கூடும்போது மிஞ்சிய கால் வீங்கி, குழி இறுக்கமாகும். நடை சரிந்தால் நாரிதான் பாடுபடும். கழற்றி வைத்துவிட்டு ஒற்றைக் காலில் கெந்தித் திரியாமல், கால் செய்து தந்த இடத்தில் காட்டிச் சரிப்படுத்துங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது: இடப்பக்கம் சரிந்து, முழங்கால்களுக்கு இடையில் மடித்த சாரத்தை வைத்துப் படுங்கள். எழும்பும்போது பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழும்புங்கள். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி நாரிக்கு வைக்கலாம், வயிற்றுக்கு வேண்டாம். கடையில் கேட்டு டைக்ளோபினக் குளிசை வாங்கி விழுங்காதீர்கள், அது பிள்ளையின் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் பாதிக்கக்கூடியது. நோ குறையாவிட்டால் கிளினிக்கில் கேட்டு, ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பகுதிக்குத் துண்டு வாங்குங்கள்.

பிள்ளை பிறந்த பிறகும் சில மாதம் நோ இருக்கும். பால் கொடுக்கும்போது நீங்கள் குனியாமல், தலையணை வைத்துப் பிள்ளையை மார்புக்கு உயர்த்துங்கள். வேது குளிப்பதை நான் தடுப்பதில்லை. சிசேரியன் செய்தவர்கள் மட்டும் வயிற்றில் சுடுநீரை அடித்து ஊற்ற விடாதீர்கள்; 6 வாரத்துக்குப் பிள்ளையை விடப் பாரமான எதையும் தூக்காதீர்கள். இருமும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்படாமல் என்னைப்போன்ற ஒருத்தியிடம் சொல்லுங்கள். அடக்குவதுபோல் இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சியால் பெரும்பாலும் சுகப்படும்.

கால் பலமிழந்தால், இருக்கும் இடம் மரத்தால், சிறுநீர் போகாமல் நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 37 வாரத்துக்கு முன்னர் நோ விட்டுவிட்டு வந்தாலும், இரத்தம் பட்டாலும், காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். வாகனம் இல்லையென்று விடியும்வரை இருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள்.