வில்லங்கச் சான்றில் வெள்ளம் தெரியாது

சென்னைப் புறநகரில் மனையோ வீடோ வாங்க முனைவோர் முதலில் தேடுவது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றை. அடுத்து மூலப்பத்திரம், பட்டா, வழக்குரைஞரின் கருத்துரை. கடன் தரும் வங்கியும் ஏறக்குறைய இவற்றைத்தான் கேட்கிறது. இவையெல்லாம் செம்மையாக இருந்த வீடுகளுக்குள்ளும் 2015 டிசம்பரில் வெள்ளம் புகுந்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்க நேர்ந்தது. 2023-இல் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீரில் நின்றன.

ஆவணங்கள் பொய் சொல்லவில்லை. நிலம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, அடமானம் உண்டா என்பதைச் சொல்வதே வில்லங்கச் சான்றின் வேலை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவாவது பத்திரம்தான். உரிமைக்கே அது முழு உத்தரவாதம் ஆகாதபோது, நிலத்தின் இயல்புக்கு எப்படி ஆகும்?

அந்த இயல்பை அறிய வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு புல எண்ணும் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பது அதில் இருக்கும். அரசின் இணையதளத்திலேயே காணலாம். நஞ்சை என்றால் பெரும்பாலும் ஏரிப் பாசனம் பெற்ற தாழ்நிலம் என்று பொருள். வாங்கும் மனையின் எண்ணோடு நிறுத்தாமல் சுற்றியுள்ள எண்களையும் பார்க்க வேண்டும் என்பேன். பக்கத்துப் புலம் வாய்க்கால் புறம்போக்காக இருந்தால், அது எந்த ஏரியில் தொடங்கி எங்கே போகிறது என்று கிராம வரைபடத்தில் தேடிப் பார்ப்பது நல்லது. தரையில் அந்த வாய்க்கால் காணாமல் போயிருக்கலாம். தண்ணீருக்கு அது தெரியாது.

வாங்குவோர் பெரும்பாலும் கேட்டுப் பெறாத இன்னோர் ஆவணமும் உண்டு. தாழ்வான பகுதிகளில் மனைப்பிரிவோ அடுக்ககமோ அமைக்க, வெள்ளப் பாதிப்பு குறித்து நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று தேவைப்படுகிறது. தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும், எந்த வாய்க்காலை விட்டுவைக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். விற்பனை விளம்பரம் சொல்லாததை அரசுப் பொறியாளர் அங்கே எழுதியிருப்பார். உயர்த்தப்பட்ட மனையிலிருந்து வழியும் நீர் பக்கத்துத் தெருவுக்குத்தான் போகும் என்பதால், அந்தத் தெருவில் பழைய வீடு வாங்குபவரும் இச்சான்றைப் படிப்பது நல்லது. மறுவிற்பனை வீடுகளுக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் துணைக்கு வராது.

இத்தனையையும் தனிமனிதர் தலையில் சுமத்துவது நியாயமன்று. விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக மதிப்பில் 9 விழுக்காட்டை அரசு பெறுகிறது. புல எண்ணை உள்ளிட்டால் 2015-லும் 2023-லும் அங்கு நீர் நின்றதா என்பதை வில்லங்கச் சான்றோடு சேர்த்தே காட்டலாம். 2022-இல் ராம்சர் தளமான பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் எல்லை எந்தெந்தப் புல எண்களைத் தொடுகிறது என்பதையும் அதிலேயே சேர்க்கலாம். மனை விலை சரியும் என்று எதிர்ப்பு வரும். வரட்டும், இப்போதும் அந்த இழப்பை ஒருவர் ஏற்கத்தான் செய்கிறார், கடைசியாக வாங்கியவர்.

அதுவரை, ஐப்பசி கார்த்திகையில் பெருமழை பெய்த மறுநாள் அந்தத் தெருவுக்குப் போய், முனையில் இஸ்திரி போடுபவரிடம் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்கலாம். விற்பவர்கள் சித்திரை வெயிலில்தான் மனையைக் காட்ட விரும்புவார்கள்.