யார் பெயரில் எழுதிவைத்தார்கள்?

அண்ணனூர் ரயில் நிலையத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் வழியில் சுற்றுச்சுவர் போட்ட பெரிய காலிமனை ஒன்று இருக்கிறது. நான் இங்கே குடிவந்த நாளிலிருந்து முள்செடிதான் அதில் விளைகிறது. அதை ஒட்டிய ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கும் அக்கா, அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறார். போன வருஷம் அவருடைய அடகு நகை ஏலத்துக்குப் போனது. இரண்டு பவுன். நோட்டீஸ் வந்தது, கெடு முடிந்தது, நகை போனது. உழைத்துச் சேர்த்த சொத்தை இப்படி எடுக்கலாமா என்று எந்தத் தொலைக்காட்சியும் விவாதம் நடத்தவில்லை.

பெரும் பணக்காரரின் சொத்துக்கு வரம்பு வைத்து மிச்சத்தை அரசு எடுக்கலாமா என்று கேட்டால் மட்டும் அந்த விவாதம் வந்துவிடுகிறது. எடுக்கலாம் என்பதே என் பதில். புதிதாக நான் சொல்லவில்லை. தமிழ்நாடு 1961-லேயே அப்படி ஒரு சட்டம் எழுதியது.

அதுதான் நில உச்சவரம்புச் சட்டம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர். அதாவது மண்ணின் வளத்தைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர். 1970-ல் அது 15 ஆகக் குறைந்தது. மிஞ்சியது அரசுக்கு, அரசிடமிருந்து நிலமற்றவர்களுக்கு. ஆனால் சட்டத்துக்குள்ளேயே தப்பிக்கும் வழிகளையும் வைத்தார்கள். அறக்கட்டளைகளுக்கு விலக்கு ஒரு வழி. இன்னொன்று நம் பெயரில் திறந்தது. குடும்ப வரம்புக்கு மேல், பெண்ணின் சீதன நிலமாக 10 தர ஏக்கர் வரை வைத்துக்கொள்ளலாம்.

பெண்ணுக்கு நிலம் கிடைத்ததே என்று சந்தோஷப்படலாமா? அந்த வயலில் என்ன நடுவது, யாருக்குக் குத்தகை விடுவது, விற்ற பணம் யார் பெட்டிக்குள் போவது என்று அவளா முடிவு செய்தாள்? அதே சட்டம் வயதுவந்த மகனைக் குடும்பத்துக்கு வெளியே தனி ஆளாக எண்ணியது. அவனுக்குத் தனி வரம்பு. மணமாகாத மகளோ எத்தனை வயதானாலும் அப்பாவின் கணக்கில்தான். சொத்தைக் காப்பாற்ற அவள் பெயர் வேண்டும். சொத்துக்கு உரிய ஆளாக அவள் வேண்டாம்.

இதன் விலையைக் கொடுத்ததும் பெண்கள்தான். 1968-ல் கீழ்வெண்மணியில் கூலி கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கீழத்தஞ்சை மண்ணில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார். நிலக்காரர்களிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலத்தை வாங்கித் தலித் பெண்களின் பெயரில் பதிந்தார். மகத்தான வேலை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: சட்டம் ஒழுங்காக நடந்திருந்தால் அரசு எடுத்துப் பிரித்திருக்க வேண்டிய மண்ணை, நிலமில்லாத பெண்கள் கடன்பட்டு வாங்க வேண்டியிருந்தது.

நகரத்திலும் இதே கதைதான். 1978-ல் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. சென்னையோடு அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளும் அதற்குள் இருந்தன. 1999-ல் அதை ரத்து செய்தார்கள். அதுவரை அரசு சுவாதீனம் எடுக்காத உபரி நிலம் உரிமையாளரிடமே நின்றுவிட்டது. தில்லியிலோ, வாரிசுச் சொத்தின் மீதான எஸ்டேட் வரி 1985-ல் போனது; செல்வ வரி 2015-ல் போனது. 2024-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எல்லாத் தனிச்சொத்தும் சமுதாயத்தின் வளம் ஆகிவிடாது என்று தீர்ப்பளித்தது. எந்தத் தனிச்சொத்தும் ஆகாது என்று அது சொல்லவில்லை. கதவு இன்னும் முழுதாகச் சாத்தப்படவில்லை.

அரசிடம் கொடுத்தால் அதுவும் கொள்ளைதானே போகும் என்று தோழிகளே கேட்கிறார்கள். நியாயமான பயம். கூவம் கரையில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றிய அரசுதான் இது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எடுக்கும் அதிகாரம் அதற்கு ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதவரிடம் அதைத் தயங்காமல் காட்டுகிறது. இருப்பவர் வீட்டு வாசலில்தான் அதற்குக் கால் கூசுகிறது. எனவே எடுக்கலாமா என்பதோடு, யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுப்பது என்றும் நாம் கேட்க வேண்டும்.

குடும்பத்துக்கு ஒரே வரம்பு வையுங்கள். நிலத்துக்கு மட்டுமல்ல, பங்குக்கும் பணத்துக்கும் சேர்த்து. மகனுக்கும் மகளுக்கும் ஒரே கணக்கு. மனைவி பெயரோ அறக்கட்டளை பெயரோ வரம்பைக் கூட்டக் கூடாது. எடுத்த நிலத்துக்கு நிலமற்ற பெண்ணின் பெயரில் பட்டா வேண்டும். இரண்டு பவுன் சேமிப்பை யாரும் தொட வேண்டாம்; நாம் பேசுவது குவிப்பைப் பற்றி.

அந்தக் காலிமனை யாருடையது என்று தெருவில் விசாரித்தேன். யாரோ ஒரு அம்மா பெயரில் இருக்கிறதாம். அந்த அம்மாவை இங்கே யாரும் பார்த்ததில்லை.