வர்க்கமூலத்துக்கு ஏன் தனி விதிப் பட்டியல்?

பத்து √3-களை ஒன்றோடொன்று பெருக்கினால் என்ன கிடைக்கும்? மூலக்குறிக்குள்ளேயே பெருக்கிக்கொண்டு போகும் மாணவர் √59049-இல் வந்து நிற்பார். அதற்கு மூலம் காண்பது இன்னொரு கணக்கு. √3 என்பது 3-இன் அரை அடுக்கு என்று புரிந்தவருக்கோ பத்து அரை ஐந்து. 3-இன் ஐந்தாம் அடுக்கு 243. கணக்கு முடிந்துவிட்டது. மூலக்குறிக்கென்று தனி விதிகளை மனப்பாடம் செய்யவைக்கும் பழக்கத்தை நம் பள்ளிகள் கைவிட்டு, அதை அடுக்கு விதியின் தொடர்ச்சியாகவே கற்பிக்க வேண்டும் என்பது என் வாதம். √2, ∛2, ⁶√2 மூன்றையும் பெருக்கச் சொன்னால், பழைய வழியில் எல்லாவற்றையும் ஆறாம் மூலமாக மாற்றி, உள்ளே 8, 4, 2 என்று எழுதிப் பெருக்கி, 64-இன் ஆறாம் மூலம் காண வேண்டும். அடுக்கு வழியில் அரையும் மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும் சேர்ந்தால் ஒன்று; விடை 2. பின்னங்களைக் கூட்டத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இது எட்டும்.

இரண்டும் பிரிந்து கிடப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. √ குறியை 1525-இல் ருடால்ஃப் என்ற ஜெர்மானியர் அச்சேற்றினார். எண்ணின் தலைமேல் அடுக்கைச் சிறிதாக எழுதும் இன்றைய முறை தெக்கார்த்தின் 1637-ஆம் ஆண்டு நூலால் பரவியது; அதில் அடுக்குகள் முழு எண்களே, மூலங்களுக்குப் பழைய குறிதான். 1676-இல் லைப்னிட்சுக்குச் சென்ற கடிதத்தில் நியூட்டன் பின்ன அடுக்குகளைத் தயக்கமின்றிக் கையாண்டார். நூற்றாண்டுகளுக்கு முன்பே இணைந்துவிட்ட இரண்டைப் பிள்ளைகளின் மனத்தில் இன்னும் பிரித்தே வைத்திருப்பது வீண்.

“மூன்று முறை பெருக்கலாம், அரை முறை எப்படிப் பெருக்குவது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, விதியை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு நகரும் வகுப்பில் இதற்குப் பதில் கிடைக்காது. ஒரே எண்ணின் அடுக்குகளைப் பெருக்கும்போது அடுக்குகள் கூடும் என்பது முழு எண்களில் மாணவர் கண்ணால் கண்ட உண்மை. அது பின்னங்களுக்கும் பொருந்த வேண்டுமானால், 3-இன் அரை அடுக்கைத் தன்னாலேயே பெருக்கும்போது 3 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட மிகை எண் √3 ஒன்றுதான். யாரோ விதித்த வழக்கம் அல்ல இது. விதியைக் காப்பாற்ற வேறு வழியே இல்லை.

குறை எண்களில் இது தடுமாறும் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். −8-இன் கனமூலம் −2. ஆனால் மூன்றில் ஒன்றை ஆறில் இரண்டு என்று எழுதி, −8-ஐ வர்க்கமாக்கி ஆறாம் மூலம் எடுத்தால் +2 வருகிறது. உண்மைதான். ஆனால் மூலக்குறி விதியும் இங்கே காப்பாற்றாது: √−4-ஐயும் √−9-ஐயும் உள்ளே பெருக்கினால் 6, கற்பனை எண்களின்படி சரியான விடை −6. எனவே அடிமானம் மிகை எண்ணாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை முதல் நாளே சொல்லிவிடுவதே நேர்மை. √2-ஐ சதுரத்தின் மூலைவிட்டமாக வரைந்து காட்டுவதையும் நான் கைவிடச் சொல்லவில்லை. பெருக்கலுக்கு மட்டும் அடுக்கு வரட்டும்.

மாணவர் கையிலிருக்கும் ஏ4 தாளே இதற்குச் சான்று. ஏ0 தாளின் பரப்பு 1 சதுர மீட்டர், நீள அகல விகிதம் √2. ஆகவே அதன் நீளம் மீட்டரில் 2-இன் கால் அடுக்கு. அடுத்தடுத்த அளவுக்குப் போகும்போது நீளத்தை √2-ஆல் வகுக்கிறோம், அதாவது அடுக்கில் அரை குறைகிறது. நான்கு படி இறங்கினால் காலிலிருந்து இரண்டு கழியும். 2-இன் −7/4 அடுக்கு, ஏறத்தாழ 0.297 மீட்டர். அளவுகோலை வைத்துப் பார்த்தால் 297 மில்லிமீட்டர்.

√(2√(2√2)) போன்ற கணக்குகளில்தான் பிள்ளைகள் அதிகம் மிரள்கிறார்கள். அடுக்கில் எழுதினால் அது அரையும் காலும் அரைக்காலும் சேர்ந்த 7/8. வெளியே இன்னொரு 2-ஐப் பெருக்கி மூலக்குறியைச் சுற்றினால் 15/16, அதற்கு மேல் 31/32. அடுக்கு ஒன்றை நெருங்குகிறது, மதிப்பு 2-ஐ நெருங்குகிறது. மூலக்குறிகளை எத்தனை வரி எழுதினாலும் கண்ணுக்குப் படாத இந்த நகர்வை, பின்னம் கூட்டும் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும்.